நாலு வீட்டுச் சுற்று

அத்தியாயம் 7

“அந்த நோட்டு பொய் சார். எழுதி வெச்சுக்கோங்க, பொய்.”

“எழுதறதுக்குத்தானே உன்னை வேலைக்கு வெச்சிருக்கேன் கிரேஸ்” என்றார் பூவராகவன்.

1974 ஜனவரி, காணும் பொங்கல் காலை. கும்மிடிப்பூண்டியிலிருந்து தாழம்பேட்டுக்குப் போகும் முதல் பஸ்ஸில் டிரைவர், கண்டக்டர், நாங்கள் இருவர், ஒரு கூடை நிறையக் கோழிகள். கோழிகள் என் கட்சி. நான் பேசும்போதெல்லாம் கொக்கரித்தன.

பூவராகவன் என் முதலாளி. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கேஸ்களைக் கண்டுபிடிக்கும் வேலை பார்த்துவிட்டு, திருவள்ளூரில் ஒரு சைக்கிள் கடை மாடியில் துப்பறியும் நிலையம் வைத்திருப்பவர். ஒல்லியான ஆசாமி. வேகமாகப் பேச மாட்டார், வேகமாக நடக்க மாட்டார், வேகமாகச் சாப்பிட மட்டும் செய்வார். நான் கிரேஸ். சொந்த ஊர் மீஞ்சூர். டைப் அடிப்பது, டீ வாங்கி வருவது, வாயை மூடாமல் இருப்பது என்று எனக்கு மூன்று வேலைகள். முதல் இரண்டுக்குத்தான் சம்பளம்.

கேஸ் இதுதான். தாழம்பேட்டைச் சுற்றி நாலு பழைய வீடுகள் இருக்கின்றன. பாதிரிமார் இருந்த மிஷன் வீடு, வியாபாரத்துக்கு வந்த ஒல்லாந்தர் கட்டிய வீடு, உப்பு இலாகா துரைக்காகக் கட்டிய உப்பு பங்களா, ஜமீன் குடும்பத்தின் மேடை வீடு. நாலையும் இதே வரிசையில் ஓர் ஒற்றையடிப் பாதை வட்டமாகச் சேர்க்கிறது. முழுதாகச் சுற்றி வந்தால் ஏழு மைல். வருடா வருடம் காணும் பொங்கலன்று காலனி ஜனங்கள் பறையடித்துக்கொண்டு அந்தச் சுற்றை நடப்பார்கள். ஒவ்வொரு வீட்டுச் சுவரையும் கையால் தொடுவார்கள். அந்த வீடுகளுக்குக் கல்லும் சுண்ணாம்பும் சுமந்தவர்கள் அவர்களுடைய பாட்டன், பூட்டன்மார்.

இப்போது ஜமீன் வாரிசு லோகநாதன் அந்த வட்டத்து நிலத்தையெல்லாம் ஒரு மெட்ராஸ் கம்பெனிக்கு விற்கப் போகிறார். இரும்புத் தொழிற்சாலை வரப் போகிறது. நடுவில் பாதை என்று ஒன்று இருந்தால் கம்பெனி வாங்காது. அதனால் பாதையே கிடையாது என்றார். காலனி ஜனங்கள் பொன்னேரி கோர்ட்டுக்குப் போனார்கள். லோகநாதனின் வக்கீல் அங்கே எழுந்து நின்று, “இவர்கள் நடந்தது வாஸ்தவம். ஆனால் ஜமீன்தாரின் கூலியாட்களாக, அவர் தயவில், அவருக்குப் பின்னால் நடந்தார்கள். தயவில் நடந்தவனுக்குப் பாதையில் உரிமை கிடையாது” என்று வாதாடினார். அதற்குச் சாட்சியாக ஒரு நோட்டையும் தாக்கல் செய்தார்.

அந்த நோட்டைத்தான் நான் பொய் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். உப்பு பங்களாவில் இருந்த ஆர்ச்சர் என்ற இங்கிலீஷ்கார இன்ஸ்பெக்டர் 1931-இல் எழுதியதாம். பங்களாவை லோகநாதன் ஏலத்தில் எடுத்தபோது அலமாரியில் கிடைத்ததாம். கோர்ட் மொழிபெயர்ப்பை முதலாளி என்னை மூன்று தடவை டைப் அடிக்க வைத்ததில் எனக்கு மனப்பாடமே ஆகிவிட்டது.

“காலை ஒன்பது மணிக்கு மேடை வீட்டு ஜமீன்தார் தம் ஆட்களுடன் வந்தார். வராந்தா முழுவதும் கறுப்புச் சேறு. வேலையாள் கழுவி, தரை காய்வதற்குள் மணி பதினொன்று. கூலிக்காரர் கூட்டம் பறையுடன் வந்து சேர்ந்தது. வராந்தா முழுவதும் சிவப்புப் புழுதி. வருடத்தில் இந்த ஒரு நாள் எனக்கு இரண்டு தடவை தரை கழுவ வேண்டியிருக்கிறது.”

ஒன்பது மணிக்கு எஜமானர், பதினோரு மணிக்குக் கூலிகள். பின்னால் வந்தார்கள் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும் என்று வக்கீல் கேட்டாராம். திங்கட்கிழமை தீர்ப்புக்கு முந்தைய கடைசி வாய்தா. இன்று பதினோரு மணிக்குக் கோர்ட் அனுப்பும் கமிஷனர் உப்பு பங்களாவுக்கு நேரில் வந்து பாதையைப் பார்க்கப் போகிறார். எங்களிடம் இருந்தது நாலு மணி நேரமும் அந்த ஒரு நோட்டும்தான்.

மிஷன் வீட்டு வாசலில் பஸ் நின்றபோது மணி ஏழு. வழக்குப் போட்ட கன்னியம்மா அங்கேயே காத்திருந்தாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். செங்கல் சூளையில் வேலை. தலையில் இருபது கல் சுமந்து பழகிய கழுத்து யாருக்காகவும் வளையாது என்று பார்த்த உடனே தெரியும்.

“வாங்க சார். இன்னா பாப்பா, நாஷ்டா துன்னியா?”

“கோழிங்களோட வந்தேன்க்கா. துன்றதப் பத்தி நெனைக்கவே பாவமா கீது.”

பூவராகவன் சிரிக்கவில்லை. “கன்னியம்மா, அந்தக் காலத்துல ஜமீன்காரங்க வலமா சுத்துவாங்க. நீங்க ஏன் எதிர்ப்பக்கமா சுத்தறீங்க?”

“அத்த ஏன் சார் கேக்கறீங்க. முன்னால போனா எங்க நெழலு ஆவாதுன்னாங்க. பின்னால வந்தா எங்க பறச் சத்தம் ஆவாதுன்னாங்க. வரவே வராதேன்னு சொல்றதுக்கு மட்டும் வாய் வர்ல, நாலு ஊட்டையும் கட்னது எங்காளுங்களாச்சே. சர்தான் போ, அப்ப மூஞ்சிக்கு எதிர்லயே வர்றோம்னு திரும்பிக்கினாங்க. மேடை ஊட்டுக்கும் உப்பு பங்களாவுக்கும் நடுவுல கீற செம்மண் மேட்டுல ரெண்டு கூட்டமும் நேருக்கு நேரா மோதிக்கும். யாரு ஒதுங்கறதுன்னு ஒரு நாயம் வரும். எங்காளுங்க ஒரு வருசம்கூட ஒதுங்குனதில்ல.”

“இதைக் கோர்ட்ல சொன்னீங்களா?”

“சொன்னேன். அந்த வக்கீலு சிரிக்கிறான். இப்பத்தான் கட்டிவிட்ட கதையான்னு கேக்கறான். எழுத்துல கீதாம்மான்றான். எங்களுக்கு எழுத்தச் சொல்லிக் குடுக்காதவன் பேரன் எழுத்துல கீதான்னு கேட்டா நான் இன்னா சொல்றது?” அவள் முந்தானையை இறுக்கிச் செருகினாள். “இந்த வழி பூட்டா ஏரிக்கு வழி இல்ல. கல்லறைக்கும் வழி இல்ல சார். எங்கம்மாவப் பொதச்ச எடத்துக்கு நான் போவணும்னா அந்தாளு கேட்டாண்ட நின்னு உத்தரவு கேக்கணும். கேக்க மாட்டேன். செத்தாலும் கேக்க மாட்டேன்.”

என் அப்பா மீஞ்சூரில் பண்ணைக் கூலியாக இருந்தவர். பண்ணையார் வீட்டு மாட்டு வண்டி எதிரே வந்தால் வரப்பை விட்டு வயலில் இறங்கி நிற்பார். மாட்டுக்காக இறங்கினேன் என்று எங்களிடம் சொல்வார். அந்தப் பொய் எனக்கு எட்டு வயதிலேயே புரிந்துவிட்டது. அதனால் கன்னியம்மாவைப் பார்த்ததும் இந்தக் கேஸில் தோற்கக் கூடாது என்ற வெறி எனக்கு வந்துவிட்டது.

“சரி. நீங்க உங்க பக்கமா நடங்க. நாங்க ஜமீன்தார் போன பக்கமாப் போறோம்” என்றார் பூவராகவன்.

கன்னியம்மாவின் முகம் மாறியது. “எங்களோட நடக்க மாட்டீங்களா?”

“பதினோரு மணிக்கு உப்பு பங்களாவுல பார்ப்போம்.”

நடக்கத் தொடங்கியதும் நான் பிடித்துக்கொண்டேன். “கட்சி மாறிட்டீங்களா சார்? சொல்லிட்டா நானும் கோழிங்களோட ஊட்டுக்குப் போயிடுவேன்.”

“எதிரியோட சாட்சி அந்த நோட்டு. அதுல ஜமீன்தார் வந்த வழியைக் காலால படிச்சுப் பார்க்கலாமே.”

“நான் கண்ணால படிச்சதே மூணு தடவை.”

“அதான் உனக்கு ஒண்ணும் தெரியல” என்றார்.

ஒல்லாந்தர் வீடு வரை வழி சுகமானது. பனை வரிசை, மணல் தரை, வேலியோரம் ஆவாரம்பூ. வீட்டுக்குக் கூரை பாதிதான் மிச்சம், சுவர் மட்டும் ஒரு கை நீளத்துக்குத் தடிமனாக நின்றுகொண்டிருந்தது. நான் அண்ணாந்து அதைப் பார்த்துக்கொண்டிருக்க, முதலாளி குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எதையாவது தொலைத்துவிட்டாரா என்று கேட்டேன். “இன்னும் கிடைக்கல” என்றார்.

அதற்கு அப்புறம் வந்தது உப்பங்கழி. ஒரு மைல் தூரத்துக்குச் சேறு. சாதாரணச் சேறில்லை, மை கொட்டியது போல் கறுப்பு. முதலாளி பேண்ட்டை முழங்கால் வரை சுருட்டி, ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, ஏதோ கல்யாணத்துக்குப் போகிறவர் போல இறங்கினார். நான் பத்தாவது அடியில் இடது செருப்பைப் பறிகொடுத்தேன். இருபதாவது அடியில் வலது செருப்பையும் நானே கழற்றி எறிந்தேன்.

“சார், பாட்டா கடையில ரெண்டு மாசம் முன்னாடி எடுத்தது.”

“கேஸ் செலவுல எழுது.”

“எந்தத் தலைப்புல? நல்லடக்கமா?”

சேறு முடிந்து உப்பு பங்களாவுக்குப் பின்னால் கரையேறும் இடத்தில் நாலைந்து பேர் கடப்பாரையால் குழி தோண்டிக் கம்பம் நட்டுக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் முள்கம்பிச் சுருள்கள். காக்கிச் சட்டை போட்ட ஒருவன் எங்களைப் பார்த்ததும் கடப்பாரையைக் கீழே வைத்தான். வாட்ச்மேனாம், பெயர் அரசப்பன்.

“இன்னாண்ணா இது, காணும் பொங்கலன்னிக்குக் கம்பம்?” என்றேன்.

“மொதலாளி உத்தரவும்மா. கமிஷனரு வர்றதுக்குள்ள கம்பி இழுத்துடணும்னு சொல்லிட்டாரு.”

“நீ எந்த ஊர்?” என்று கேட்டார் பூவராகவன்.

அரசப்பன் சேற்றைப் பார்த்துக்கொண்டே, “இந்த ஊருதான் சார். காலனி” என்றான்.

“சுத்துக்குப் போகலையா?”

“போன வருசம் வரைக்கும் நான்தான் சார் பறையடிச்சேன். இந்த வேல கெடச்சு மூணு மாசம் ஆவுது. ரெண்டு புள்ளைங்க கீது.” கடப்பாரையை மறுபடி எடுத்துக்கொண்டான். நாங்கள் மேலே நடந்தோம். கடப்பாரைச் சத்தம் மட்டும் முதுகுக்குப் பின்னால் கேட்டுக்கொண்டிருந்தது.

உப்பு பங்களா வராந்தாவில் லோகநாதன் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, வெள்ளைச் செருப்பு. வாசலில் அதே வெள்ளையில் ஓர் அம்பாசிடர். மரியாதை தெரிந்த மனிதர்தான். எழுந்து நின்று கைகூப்பினார். பிறகுதான் எங்கள் கால்களைப் பார்த்தார்.

“அடடா, கார் அனுப்பியிருப்பேனே! பின்பக்கம் குழாய் இருக்கு, கழுவிட்டு வாங்க.”

“பரவாயில்லைங்க, இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டு, முதலாளி அப்படியே படியேறி வராந்தாவின் நடுவில் போய் நின்றார். சிவப்பு சிமெண்டு இல்லை, பழைய வெள்ளைச் சுண்ணாம்புத் தரை. பளிச்சென்று பத்துக் கறுப்புக் காலடிகள். எனக்கு வெட்கமாகிவிட்டது. குழாய்ப் பக்கம் திரும்பினேன். “நீயும் வா கிரேஸ்” என்று குரல் வந்தது. அந்தக் குரலுக்கு வேறு அர்த்தமே கிடையாது. ஏறினேன்.

லோகநாதனின் சிரிப்பு கொஞ்சம் சுருங்கியது. ஆனாலும் காப்பி கொடுத்தார், நோட்டின் அசலையும் கொண்டுவந்து காட்டினார். பழுப்பேறிய காகிதம், தோல் அட்டை. முதலாளி ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். 1929, 1930, 1931, 1932. நானும் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தேன். வருடா வருடம் காணும் பொங்கலுக்கு அதே ஒப்பாரி. முதலில் கறுப்புச் சேறு, பிறகு சிவப்புப் புழுதி, தரை கழுவிய செலவு, வேலையாளின் முணுமுணுப்பு.

முதலாளி என்னை ஓரமாக அழைத்துப் போய், “நோட்டு அசல்” என்றார்.

“என்னது?”

“பொய்யா எழுதறவன் யார் வந்தா, யார் யாருக்குக் கும்பிடு போட்டான்னுதான் எழுதுவான். நாலு வருஷமும் தரையைப் பத்தியே அழுதுக்கிட்டிருக்க மாட்டான். இது நிஜமாவே தரை கழுவின மனுஷன் எழுதினது.”

“அப்ப கன்னியம்மாக்கா சொன்னது பொய்யா சார்?”

“நான் அப்படிச் சொல்லலியே.”

“நோட்டு நெஜம்னா அவங்க பின்னாலதான் வந்தாங்கன்னு ஆயிடுச்சே! அந்தாளு மூஞ்சியப் பாருங்க, இப்பவே ஜெயிச்சிட்டான். கமிஷனர்கிட்ட இத்தச் சொல்லப் போறீங்களா?”

“கண்டிப்பா.”

அழுகை வந்தது. அதைவிடக் கோபம் அதிகமாக வந்தது. இனி இந்த மனுஷனிடம் வேலை பார்ப்பதில்லை என்று அந்த நிமிடமே முடிவு செய்தேன். ராஜிநாமாவையும் மூன்று பிரதி டைப் அடித்துத் தர வேண்டும் என்றும் நினைத்துக்கொண்டேன்.

பத்தே முக்காலுக்கு ஜீப்பில் கமிஷனர் வந்து இறங்கினார். மணவாளன் என்று பெயர், பொன்னேரி கோர்ட்டில் வக்கீல். சின்ன வயது, பெரிய பைல். கறுப்புக் காலடிகளை ஜாக்கிரதையாகத் தாண்டி வந்து மேஜை முன்னால் உட்கார்ந்தார்.

முதலாளி எழுந்தார். “கமிஷனர் சார், நான் வாதிங்க தரப்புல விசாரிக்க வந்தவன். இந்த நோட்டு அசல்னுதான் எனக்குத் தோணுது. ஆனா என் அபிப்பிராயத்துக்கு மதிப்பு கிடையாது. லோகநாதன் சார் வாக்குமூலமாச் சொன்னா நல்லது.”

லோகநாதன் ஒரு விநாடி நம்பாமல் பார்த்தார். பிறகு முகமெல்லாம் மலர்ந்தது. “தாராளமா! ஆர்ச்சர் துரை எங்கப்பாவுக்கு நெருங்கின சினேகிதர். இதுல ஒவ்வொரு வரியும் சத்தியம். எழுதுங்க, கையெழுத்துப் போடறேன்.” மணவாளன் எழுதினார். லோகநாதன் போட்டார். மசி காய ஊதவும் செய்தார்.

“இன்னொரு சின்ன விஷயம். கமிஷனர் வரைபடத்துக்குத் தேவைப்படும். ஒல்லாந்தர் வீட்டுலேர்ந்து இங்க வர்ற வழியில செம்மண் இருக்கா?” என்றார் முதலாளி, சந்தை விலை விசாரிக்கிற குரலில்.

“எங்கேர்ந்து வரும்? அது பூரா உப்பங்கழி. ஒண்ணுக்கும் உதவாத கறுப்புச் சேறு. அந்த வழியை எவன் கேட்பான்னுதான் நானும் சொல்றேன். கம்பெனிக்காரங்ககிட்டயே சொல்லிட்டேன், செம்மண் வேணும்னா மேடை வீட்டு மேட்டுலேர்ந்துதான் லாரியில கொண்டாரணும்னு.”

“அதாவது இந்தப் பங்களாவுக்கு அந்தப் பக்கம்.”

“ஆமா. இந்தப் பக்கம் ஒரு பிடி கிடையாது.”

“அதையும் எழுதிக்கலாமா?”

“எழுதுங்களேன்.” அதற்கும் ஒரு கையெழுத்து. எனக்கு ஒன்றும் புரியவில்லை. முதலாளிக்கு மூளை குழம்பிவிட்டது, காலையில் இரண்டு தட்டு இட்லியை அத்தனை வேகமாகத் தின்றிருக்கக் கூடாது என்றுதான் நினைத்தேன்.

அப்போது பறைச் சத்தம் கேட்டது.

மேடை வீட்டுப் பக்கத்துப் பாதையில் அவர்கள் வந்தார்கள். ஐம்பது, அறுபது பேர் இருக்கும். முன்னால் கன்னியம்மா. சூளைக்காரர்கள், உப்பளத்துக்காரர்கள், கும்மிடிப்பூண்டி கம்பெனிகளில் வேலை பார்க்கும் இளவட்டங்கள். பங்களா முற்றத்துக்குள் வந்ததும் பறை நின்றது. கன்னியம்மா தொண்டையைத் திறந்தாள்.

“இந்த ஊட்டக் கட்டுனது யாரு?”

“நாங்க!”

“கல்லு தூக்குனது யாரு?”

“நாங்க!”

“நாங்க கட்டுன ஊட்ட நாங்க பாக்க எவன் உத்தரவு குடுக்கறது?”

அதற்குப் பறைதான் பதில் சொன்னது. லோகநாதன் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கமிஷனர் எதிரில் தடுக்க முடியாது. ஜனங்கள் வரிசையாக வராந்தாவில் ஏறி, சுவரில் உள்ளங்கையை ஒரு முறை வைத்துவிட்டு அந்தப் பக்கப் படியில் இறங்கினார்கள். கடைசி ஆள் இறங்கியதும் முதலாளி என் பக்கம் திரும்பினார்.

“கிரேஸ், ஆர்ச்சர் துரை எழுதினதைக் கொஞ்சம் சொல்லு.”

வேண்டாவெறுப்பாகத் தொடங்கினேன். “காலை ஒன்பது மணிக்கு மேடை வீட்டு ஜமீன்தார் தம் ஆட்களுடன் வந்தார். வராந்தா முழுவதும் கறுப்புச் சேறு...”

சொல்லும்போதே என் கண் தரைக்குப் போனது. முதலாளியும் நானும் வைத்த கறுப்புக் காலடிகள். அவற்றின் மேலும் பக்கத்திலும், வாசல் முதல் சுவர் வரை, நூற்றுக்கணக்கில் சிவப்புக் காலடிகள்.

“நிறுத்தாதே” என்றார்.

“வேலையாள் கழுவி, தரை காய்வதற்குள் மணி பதினொன்று. கூலிக்காரர் கூட்டம் பறையுடன் வந்து சேர்ந்தது. வராந்தா முழுவதும்...” எனக்குக் குரல் உடைந்தது. உடைந்தாலும் கத்தினேன். “சிவப்புப் புழுதி! சார், சிவப்புப் புழுதி!”

“கமிஷனர் சார், தரையைப் பாருங்க” என்றார் பூவராகவன். “நாங்க ரெண்டு பேரும் ஜமீன்தார் வந்த வழியா, ஒல்லாந்தர் வீட்டுப் பக்கத்துலேர்ந்து வந்தோம். கறுப்பு. இவங்க மேடை வீட்டுப் பக்கத்துலேர்ந்து வந்தாங்க. சிவப்பு. ஒல்லாந்தர் வீட்டுப் பக்கம் ஒரு பிடி செம்மண் கிடையாதுன்னு லோகநாதன் சார் கையெழுத்தே போட்டிருக்கார். கூலிக்காரங்க ஜமீன்தாருக்குப் பின்னாலயே வந்திருந்தா துரை வராந்தாவுல ரெண்டு தடவையும் கறுப்புச் சேறுதான் இருந்திருக்கணும். நாலு வருஷமும் அவர் முதல்ல கறுப்பையும் அப்புறம் சிவப்பையும்தான் கழுவியிருக்கார். பின்னால வந்தவங்க எதிர்ப்பக்கத்துலேர்ந்து எப்படி வருவாங்க? இவங்க யாருக்குப் பின்னாலயும் நடக்கல. யார் தயவுலயும் நடக்கல. ஜமீன்தாருக்கு எதிரா நடந்தாங்க. அதை எழுதி வெச்சவர் ஜமீன்தாரோட சினேகிதர்.”

மணவாளன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு தரையைப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்து வேகமாக எழுத ஆரம்பித்தார்.

“துரை... துரை ஏதோ தப்பா எழுதிட்டார்” என்றார் லோகநாதன்.

“கால் மணி நேரம் முன்னாடி ஒவ்வொரு வரியும் சத்தியம்னு சொன்னீங்க சார்” என்றார் மணவாளன், எழுதுவதை நிறுத்தாமல்.

எனக்குப் பாவமாக இல்லை, சந்தோஷமாக இருந்தது. அந்த மனிதர் அந்தப் பாதையை ஒரு நாளாவது நடந்திருந்தால் அந்த நோட்டை அலமாரிக்குள்ளேயே எரித்திருப்பார். பிறந்ததிலிருந்து காரிலும் வில்வண்டியிலும் போனவருக்குத் தன் அப்பாவின் காலில் என்ன நிறம் ஒட்டியது என்று எப்படித் தெரியும்? ராஜிநாமாவை வாபஸ் வாங்கினேன். முதலாளிக்கு அது தெரியவே தெரியாது.

விஷயம் கூட்டத்துக்குள் பரவியது. சத்தம் எழுந்தது. கன்னியம்மா கையை உயர்த்தி அடக்கினாள். “கூவறது அப்பறம். சுத்து இன்னும் பாதி கீது. நடங்க.”

ஆனால் நடக்க முடியவில்லை. பங்களாவுக்குப் பின்னால், உப்பங்கழிக்கு இறங்கும் இடத்தில், ஆறு கம்பங்களும் மூன்று வரிசை முள்கம்பியும் பாதையை மறித்து நின்றன. காலையில் நாங்கள் வந்த வழி. கம்பிக்கு முன்னால் அரசப்பன்.

லோகநாதன் எங்களுக்குப் பின்னாலேயே வந்துவிட்டார். தோற்ற முகத்திலும் அதிகாரம் மிச்சமிருந்தது. “தீர்ப்பு திங்கட்கிழமைக்கு மேலதான். அதுவரைக்கும் இது என் நிலம், என் கம்பி.”

“நான் சுற்று முழுவதையும் பார்த்து அறிக்கை எழுதணும். கம்பியை எடுங்கன்னு உத்தரவு போட எனக்கு அதிகாரம் இல்லை. ஆனா எங்க, யார், எத்தனை நேரம் தடுத்தாங்கன்னு எழுத அதிகாரம் இருக்கு” என்றார் மணவாளன்.

லோகநாதன் யோசித்தார். “அரசப்பா, அடிக் கம்பியைத் தூக்கிப் பிடி. குனிஞ்சு போகட்டும்.”

அரசப்பன் கீழ்க் கம்பியைத் துணி சுற்றிப் பிடித்துத் தூக்கினான். ஓர் ஆள் தவழ்ந்து போகிற அளவுக்கு இடம் கிடைத்தது. யாரையும் நிமிர்ந்து பார்க்காமல், “போக்கா, சீக்கிரம் பூடு” என்றான்.

கன்னியம்மா கம்பிக்கு ஒரு முழம் முன்னால் போய் நின்றாள். குனியவில்லை.

“தம்பி” என்று லோகநாதனைக் கூப்பிட்டாள். அந்தக் குடும்பத்து ஆளைக் காலனியிலிருந்து யாரும் அப்படிக் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். அவர் திடுக்கிட்டது எனக்கே தெரிந்தது. “எங்காளுங்க உங்கப்பாவுக்கு எதிர்ல நின்னப்பவே குனியல. உன் கம்பிக்கா குனிவோம்? கம்பி இருக்கற வரைக்கும் நாங்க இங்கயேதான் நிப்போம். நீ திங்கக்கெழம வரைக்கும் காவலுக்கு இரு.”

அறுபது பேரும் நின்றார்கள். யாரும் உட்காரவில்லை. வெயில் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது. மணவாளன் கைக்கடிகாரத்தைப் பார்த்து ஏதோ குறித்தார். ஐந்து நிமிடம் கழித்து மறுபடியும் குறித்தார். பறையடித்துக்கொண்டிருந்த பையன் தப்பான தாளத்தில் அடித்தான். அது காதில் விழுந்ததும் அரசப்பனின் முகம் சுளித்துக்கொண்டதை நான் பார்த்தேன்.

அவன் கம்பியைக் கீழே விட்டான். காக்கிச் சட்டையின் கையை மடித்தான். கடப்பாரையை எடுத்துப் பாதையின் நடுவில் நின்ற கம்பத்தின் அடியில் செருகி ஒரு நெம்பு நெம்பினான்.

“டேய்! உன் வேலை போச்சுடா!” என்று கத்தினார் லோகநாதன்.

“தெரியும் மொதலாளி” என்று சொல்லிவிட்டு அரசப்பன் அடுத்த கம்பத்துக்குப் போனான். ஈர மண்ணில் நட்டது, எதிர்ப்பு இல்லாமல் வந்தது. மூன்றாவது கம்பத்தை இளவட்டங்கள் பிடுங்கினார்கள். நாலாவதில் நானும் ஒரு கை போட்டேன். முதலாளி தன் ஷூவைக் கையில் வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தார், தடுக்கவில்லை. கம்பி சுருண்டு பாதையோரம் விழுந்தது.

வழி முழு அகலத்துக்குத் திறந்தது. கன்னியம்மா முதலில் போனாள், தலை நிமிர்ந்து, அவசரமே இல்லாமல். பின்னால் எல்லாரும் போனார்கள். அரசப்பன் மட்டும் கடப்பாரையோடு அங்கேயே நின்றான். இந்தப் பக்கம் வேலை இல்லை, அந்தப் பக்கம் போக உரிமை இருக்கிறதா என்று அவனுக்கே தெரியவில்லை.

சேற்றில் பத்தடி இறங்கிய கன்னியம்மா திரும்பிப் பார்த்தாள். நன்றி சொல்லவில்லை, திட்டவும் இல்லை.

“இன்னாடா நின்னுக்கினு கீற?” என்றாள். “அந்தப் பையன் கையிலேர்ந்து பறைய வாங்கிக்கினு முன்னால வா. ஒல்லாந்தரு ஊட்டுக்கு நேரம் ஆவுது.”